காப்புக் கைக்குச் சிவப்பு

அத்தியாயம் 6

அன்று காலை கோபிகாவின் வீட்டு வாசல் படலையில் ஒரு மலர்வளையம் தொங்கியது. செத்த வீட்டுக்குக் கொண்டுபோகும் வளையம்தான். நடுவில் அவளுடைய படத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கோபிகா அதைக் கழற்றி, ஸ்கூட்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு, மருதனார்மடத்திலிருந்து பண்டத்தரிப்பு வரை வந்து, பியாட்றிஸின் மேசையில் வைத்தாள்.

"இதை நான் என்ன செய்யிறது அன்ரி?"

லெனாட் எட்டிப் பார்த்தான். "பூ வாடேல்லை. சும்மா சொல்லக்கூடாது, உமக்கு மரியாதையான எதிரியள்."

"வாயைப் பொத்து" என்றாள் பியாட்றிஸ்.

பொலிசில் இருந்தவரைக்கும் பியாட்றிஸ் சொன்னதை மேலதிகாரிகள் கேட்டதில்லை. ஓய்வுபெற்றுத் தனியாக விசாரணை செய்யத் தொடங்கிய பிறகு ஊர் கேட்கத் தொடங்கியது. லெனாட் அவளுடைய சாரதி, உதவியாளன், சில நேரம் தலையிடி. ஓட்டோ அவனுடையது. அதைவிட அவனுடைய வாய் வேகம்.

கோபிகாவின் கதையை ஊர் முழுக்க அறிந்திருந்தது, ஆனால் பிழையாக. அவள் ஒரு தனியார் கிளினிக்கில் ஈசிஜி எடுப்பவள். அளவெட்டிப் பரமலிங்கத்துக்கு ஓரிரவு நெஞ்சு நொந்தது. கனடாவிலிருந்த மகன் கஜீபன் கிளினிக்குக்குப் போன் பண்ணி, மெஷினை வீட்டுக்கு அனுப்பச் சொன்னான். அன்றிரவு கிளினிக்கில் வேறு நோயாளிகள் இருந்ததால் கோபிகாவால் நகர முடியவில்லை. மெஷின் மட்டும் மோட்டார் சைக்கிளில் போனது. எந்தக் கிளிப்பை எங்கே போடுவது என்று அவள் போனில் சொல்லிக்கொடுத்தாள். வந்த தாளைப் படம் பிடித்து அனுப்பினார்கள். வைத்தியர் பார்த்தார். ஒன்றுமில்லை, வாய்வு என்றார். விடியும்போது பரமலிங்கம் பிணம்.

இப்போது வைத்தியர் தாளைத் திரும்பப் பார்த்துவிட்டு, கிளிப்புகள் கை மாறியிருப்பதாகவும், அதனால்தான் தனக்கு நோய் தெரியவில்லை என்றும் சொல்கிறார். கஜீபன் கோபிகாவின் படத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'என் அப்பாவைக் கொன்றவள்' என்று வீடியோ போட்டிருந்தான். கலியாணம் பேசிய வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் ஒதுங்கிவிட்டார்கள். பின்னேரம் கிளினிக்கில் விசாரணை. அது முடிந்ததும் பொலிசுக்குப் போகப்போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"அன்ரி, எனக்கு ஒண்டு தெரியவேணும்" என்றாள் கோபிகா. குரலில் அழுகை இல்லை. அது எப்போதோ தீர்ந்துவிட்டது. "நான் உண்மையா அந்த மனுசனைச் சாகடிச்சிட்டனோ?"

பியாட்றிஸ் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கினாள்.

"லெனாட், இதிலை என்ன தெரியுது?"

"பல்லி ஏறின சுவர்."

"வடிவாப் பார். முதல் ஒரு சின்ன மேடு. அது நெஞ்சின்ரை மேலறை சுருங்கிறது. அடுத்தது ஊசி. கீழறை அடிக்கிறது. பிறகு அகலமா ஒரு மேடு. அடிச்ச களைக்கு இளைப்பாறுறது. ஊசிக்கும் கடைசி மேட்டுக்கும் இடையிலை கோடு தரையோடை கிடக்கவேணும். இரத்தம் போற குழாய் அடைபட்டால் அந்த இடம் படமெடுத்த பாம்பு மாதிரி எழும்பி நிக்கும்."

"இதிலை பாம்பு நித்திரை. ஊசி நுனிதான் கொஞ்சம் பிளந்திருக்கு."

"ஓம். இனி ஓட்டத்தைப் பார். ஒரு ஊசியிலை இருந்து அடுத்த ஊசிக்கு எத்தினை பெரிய பெட்டி?"

லெனாட் விரலால் எண்ணினான். "மூண்டு."

"முந்நூறை மூண்டாலை பிரி. வாறது நிமிசத்துக்கு நெஞ்சு அடிக்கிற கணக்கு."

"நூறு. நான் வேலிக்கு மேலாலை பாய்ஞ்சு ஓடேக்கை அப்பிடித்தான் அடிக்கும்."

"படுத்திருந்த ஆளுக்கு நூறு" என்றாள் பியாட்றிஸ்.

இதெல்லாம் அவள் பாடசாலையில் படித்ததல்ல. கணவர் தேவராஜாவின் கடைசி வருடத்தில், கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து படித்தது. வைத்தியர்கள் அவளுடைய தலைக்கு மேலால் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். லண்டனிலிருந்து தங்கை அனுப்பிய சின்ன மெஷின் இன்னும் அலுமாரியில் இருக்கிறது. அவருடைய கடைசித் தாளைப் பைபிளுக்குள் வைத்திருந்தாள். சூட்டில் அச்சாகும் தாள் நெடுநாள் நிற்காது. போன மாதம் விரித்துப் பார்த்தபோது பெட்டிகள் மட்டும் இருந்தன. கோடு போய்விட்டது.

"முதலாவது கோடு தலைகீழாக் கிடக்குது" என்றாள் கோபிகாவிடம். "அது ரெண்டு கைக்கும் நடுவிலை எடுக்கிற கோடு. தலைகீழா எண்டால் கை மாறியிருக்கு. டொக்டர் சொல்லுறது அந்தளவுக்குச் சரி."

கோபிகா கண்ணை மூடினாள்.

"அந்தரப்படாதையும். காலடியிலை இருந்து மேலை பாக்கிற கோடு ஒண்டும் இருக்கு. கை ரெண்டையும் மாத்தினாலும் அது அசையாது. பிரேதத்தை வெட்டிப் பாத்தவை என்ன சொன்னவை?"

"நெஞ்சின்ரை அடிச்சுவர் செத்துப்போச்சு எண்டவை. மெஷின் வாறதுக்கு முன்னமே அடைப்பு வந்திட்டுதாம்."

"அடிச்சுவர் சாகேக்கை காலடிக் கோடுதான் முதல் கத்தும். இது கத்தேல்லை. சுத்தமா இருக்கு."

"அப்ப?"

"அப்ப இது சாகக் கிடந்த ஆளின்ரை நெஞ்சு இல்லை. நீர் ஒருத்தரையும் கொல்லேல்லை. அந்தாளின்ரை நெஞ்சை உமக்குக் காட்டவே இல்லை."

லெனாட் தாங்கமாட்டாமல் கேட்டான்: "அப்ப ஆரின்ரை நெஞ்சு அன்ரி? மெஷின் கொண்டு போனவன்ரையோ?"

"அவன் படலையடியிலை குடுத்திட்டுத் திரும்பீட்டான்" என்றாள் கோபிகா. "வீட்டிலை அந்த ஐயாவும் மனுசியும் மட்டுந்தான்."

பியாட்றிஸ் கேட்டாள்: "போனிலை நீர் என்ன சொன்னனீர்? சொன்ன சொல்லு அப்பிடியே வேணும்."

"சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு எண்டு நாலு கிளிப். வலக்கைக்குச் சிவப்பு எண்டு சொன்னால் வீட்டுக்காரர் எதிரை நிண்டு பாத்து மாறிப் போடுகினம். அதாலை நான் அப்பிடிச் சொல்லுறேல்லை. ஆம்பிளையளுக்கு 'காப்புக் கட்டின கைக்குச் சிவப்பு, மற்றக் கைக்கு மஞ்சள்' எண்டுதான் சொல்லுவன். இஞ்சாலை எல்லா வீட்டிலையும் கௌரி விரதக் காப்பு நூல் கட்டியிருப்பினம்தானே. அண்டைக்கும் அதைத்தான் சொன்னனான்."

பியாட்றிஸ் எழுந்து போய் அலுமாரியைத் திறந்தாள். மெஷினை எடுத்தாள்.

"லெனாட், ஓட்டோவை எடு."

"எங்கை?"

"செத்தவன்ரை கையைப் பாக்க."

---

மருதனார்மடச் சந்தியில் சந்தைக்கு வந்த வாகனங்கள் வழியை அடைத்திருந்தன. மரவள்ளிக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் ஒன்றின் பின்னால் ஓட்டோ நின்றது.

"சிவப்பு, மஞ்சள், பச்சை" என்றான் லெனாட். "மனுசனை நடுச்சந்தி எண்டு நினைச்சு ஆரோ சிக்னல் பூட்டியிருக்கினம். கறுப்பு என்ன செய்யும் அன்ரி?"

"ஒண்டும் செய்யாது. சும்மா நிக்கும். அது இல்லாட்டி மற்றதுகள் ஒழுங்கா வேலை செய்யாது."

"விளங்கீட்டுது. பொலிஸ்காரன்."

பியாட்றிஸ் பின்னாலிருந்து அவனுடைய பிடரியில் ஒன்று போட்டாள்.

அளவெட்டியில், பரமலிங்கத்தின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முகப்பில், கண்ணீர் அஞ்சலிப் பதாகை இன்னும் நின்றது. ஆளை விடப் பெரிய படம். பட்டு வேட்டி, சால்வை, விபூதி. கோயில் தேருக்கு முன்னால் கைகூப்பி நிற்கும் கோலம். கும்பிடுகிற கையில்கூட ஒரு அதிகாரம் இருந்தது. பியாட்றிஸ் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கினாள்.

"வலக்கையைப் பார்" என்றாள்.

வலது மணிக்கட்டில், தங்க மணிக்கூட்டுச் சங்கிலிக்கு மேல், மஞ்சள் மங்கிய நூல் இருந்தது.

"காப்பு வலக்கையிலை. ஆம்பிளையளுக்கு அதுதானே முறை" என்றான் லெனாட். "நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரன், எனக்கே தெரியும்."

"அந்தக் கைக்குச் சிவப்புப் போட்டிருந்தால் கோடு நேரா வந்திருக்கும். ஆனால் தலைகீழா வந்துது. அப்ப சிவப்பு இடக்கையிலை. கோபிகா சொன்ன சொல்லை அச்சாப் பிடிச்சுத்தான் போட்டிருக்கினம். காப்புக் கைக்குத்தான். ஆரின்ரை காப்பு இடக்கையிலை இருக்கும்?"

லெனாட் பதாகையைப் பார்த்தான். பிறகு ஒழுங்கையின் உள்ளே, ஓட்டு வீட்டைப் பார்த்தான்.

"ஐயோ" என்றான் மெல்லமாக. "பொம்பிளையளுக்கு."

---

குணலட்சுமி கதவைத் திறந்தாள். அறுபதை நெருங்கிய, மெலிந்த பெண். பொட்டில்லாத நெற்றி, கரையில்லாத சேலை. பியாட்றிஸ் தன் பெயரைச் சொன்னபோது, அவள் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, வலது காதை நீட்டிக் கேட்டாள்.

"கோபிகாவுக்காக வந்தனான், அக்கா."

"அந்தப் பெட்டையோ. பாவம்" என்றாள் குணலட்சுமி. சந்தையில் கத்தரிக்காயின் விலை கேட்டு, வாங்காமல் கடந்து போகிறவளின் குரல் அது. "இருங்கோ. தேத்தண்ணி போடட்டே?"

"பிறகு குடிப்பம். ஒரு சின்ன உதவி. அண்டைக்கு அவருக்குக் கிளிப் போட்டது நீங்கள்தானே?"

"ஓம். அந்தப் பெட்டை சொல்லச் சொல்ல நான்தான் போட்டனான்."

"அதை அப்பிடியே ஒருக்கால் செய்து காட்டுங்கோ. அவர் எண்டு நினைச்சு இவனுக்குப் போடுங்கோ."

லெனாட் திடுக்கிட்டான். "அன்ரி, எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை."

"வருத்தமில்லாத ஆளிலைதான் இந்தக் கேசே நிக்குது. படு."

அவன் விறாந்தையில் கிடந்த வாங்குப் பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்தான். "நெஞ்சு இருக்குதோ எண்டு முதல் தேடுங்கோ அம்மா. எங்கடை வீட்டிலை இல்லை எண்டுதான் கதை."

குணலட்சுமி சிரிக்கவில்லை. மெஷினுக்கு முன்னால் குந்தி, சிவப்புக் கிளிப்பைக் கையில் எடுத்தாள். லெனாட்டின் கைகளில் காப்பு இல்லை. அவள் இரண்டையும் பார்த்தாள். ஒரு கணம் தடுமாறினாள். பிறகு, தன்னை அறியாமலே, தன் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே நூல் இல்லை. நூல் பல வருடம் கிடந்த இடத்தில், வெயில் படாத தோல் ஒரு வெள்ளை வளையமாகத் தெரிந்தது.

சிவப்புக் கிளிப்பை லெனாட்டின் இடது கையில் மாட்டினாள்.

"அக்கா" என்றாள் பியாட்றிஸ். "ஒழுங்கை முகப்பிலை அவர் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறார். காப்பு வலக்கையிலை."

கோயில் பக்கத்திலிருந்து யாரோ நாதஸ்வரம் சாதகம் பண்ணும் சத்தம் வந்தது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தார்கள்.

குணலட்சுமி கிளிப்பைக் கழற்றவில்லை. மாற்றிப் போடவும் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"இவ்வளவு நாளும் எல்லாரும் அவரைப் பற்றித்தான் கேட்டவை" என்றாள். "என்ரை கையை ஒருத்தரும் பாக்கேல்லை."

"நீங்கள்தானே படுத்தது?"

"அவர்தான் படுக்கச் சொன்னது. விடியத் தேர். சால்வை போட்டு முதல் வடம் அவரிட்டைக் குடுக்கிற வருசம். 'எனக்கு எடுத்து ஏதும் காட்டினால் உவன் கஜீபன் அங்கை இருந்துகொண்டு அம்புலன்ஸ் பிடிச்சு என்னைப் பெரியாஸ்பத்திரியிலை போட்டிடுவான். நீ ஏறிப் படு' எண்டார்."

"மாட்டன் எண்டு சொல்லேல்லையோ?"

குணலட்சுமி அவளை இரக்கத்துடன் பார்த்தாள்.

"கலியாணம் கட்டின புதுசிலை ஒருக்கால் சொன்னனான். அண்டையிலை இருந்து இந்தக் காது கேக்காது" என்று இடது காதைத் தொட்டாள். "ரெண்டாந்தரம் சொல்லேல்லை."

லெனாட் வாங்கிலிருந்து எழும்பப் பார்த்தான். கிளிப் இழுத்தது. அப்படியே கிடந்தான்.

"நான் படுத்தன். பெட்டை சொன்ன மாதிரிக் காப்புக் கைக்குச் சிவப்புப் போட்டன். அவர் நிண்டு பொத்தானை அமத்தினார். அவரின்ரை வேர்வை ஒழுகி என்ரை முகத்திலை விழுந்துது. குளிர்ந்த வேர்வை. எனக்கு அப்பவே விளங்கீட்டுது, இது வாய்வு இல்லை எண்டு."

"பிறகு?"

"டொக்டர் ஒண்டுமில்லை எண்டதும் அவருக்குச் சந்தோசம். 'பாத்தியே' எண்டார். தான் வெண்ட மாதிரி. நான் இஞ்சி போட்டுப் பிளேன்ரீ குடுத்தன்."

"விடியப்புறம் எழும்பினவரோ?"

"எழும்பினார். முகம் சாம்பல் மாதிரி. 'வான்காரனைக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போவம்' எண்டார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை எடுத்தன். 'டொக்டர் ஒண்டுமில்லை எண்டிட்டார். இஞ்சை பாருங்கோ, உங்கடை பேர் போட்டிருக்கு' எண்டன். அவர், 'அது உன்ரையடி' எண்டார். நான், 'இல்லை, உங்கடை. நீங்கள்தானே சொன்னனீங்கள்' எண்டன்."

அவள் சேலைத் தலைப்பைச் சரி செய்தாள்.

"மூண்டு தரம் கேட்டார். மூண்டு தரமும் வாசிச்சுக் காட்டினன். நாலாந்தரம் கேக்கேல்லை."

கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரை ஒன்று பியாட்றிஸின் நினைவில் வந்து போனது. அந்தக் கதிரையில் இருந்தவள், தாளில் ஒரு ஊசி கூட வராதா என்று ஏங்கியவள். இந்த வீட்டிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒருத்தி தாளோடு இருந்திருக்கிறாள்.

"அந்தப் பிள்ளையின்ரை படலையிலை மலர்வளையம் தொங்கவிட்டிருக்கினம், அக்கா."

"கேள்விப்பட்டன்."

"உங்களுக்கு ஒண்டும் தோன்றேல்லையோ?"

"ஊர் ஒரு பேரைத் தேடிச்சுது. அவளின்ரை பேர் முதல் ஆம்பிட்டிது. நான் சும்மா இருந்தன். சும்மா இருக்கத்தானே என்னைப் பழக்கி வைச்சவை."

"பின்னேரம் விசாரணை. நீங்கள் வாய் திறக்காட்டி அவளைப் பொலிசிலை குடுப்பினம்."

"என்னைப் பொலிசிலை குடுக்க ஏலுமோ?" என்று கேட்டாள் குணலட்சுமி. உண்மையாகவே அறிய விரும்புகிற மாதிரிக் கேட்டாள். "புருசன் படு எண்டார், படுத்தன். டொக்டர் ஒண்டுமில்லை எண்டார், அதைச் சொன்னன். இதிலை எது குற்றம்?"

பியாட்றிஸ் அவளுடைய வலது காதுப் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

"படுத்தது நீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள். "லெனாட்டின்ரை போனிலை. அந்தப் பிள்ளைக்கு அது போதும்."

"விடியப்புறக் கதை?"

"அது நான் கேட்டது. பிறகு நானும் சட்டமும் பாத்துக்கொள்ளுறம்."

குணலட்சுமி யோசித்தாள். பிறகு தலையாட்டினாள். லெனாட்டின் கையிலிருந்து கிளிப்பைக் கழற்றி விட்டாள். அவன் போனைப் பிடித்தான். அவள் நேராகப் பார்த்துச் சொன்னாள்: "தம்பி கஜீபன், அந்தப் பெட்டையின்ரை படத்தை எடுத்துவிடு. அவள் சொன்னது சரியாத்தான் சொன்னவள். உன்ரை அப்பா சொல்லி நான்தான் கட்டில்லை படுத்தனான். நீங்கள் எல்லாரும் பாத்தது என்ரை நெஞ்சு."

லெனாட் அதைக் கோபிகாவுக்கும் கஜீபனுக்கும் அனுப்பினான்.

"வாயாலை சொன்னால் பிறகு மறுக்கலாம்" என்றாள் பியாட்றிஸ். "தாளும் வேணும். அதே மாதிரிப் படுங்கோ அக்கா."

அவள் மறுக்கவில்லை. வாங்கில் படுத்து, சிவப்பைத் தானே இடக்கையில் மாட்டிக்கொண்டாள். பியாட்றிஸ் பொத்தானை அமத்தினாள். மெஷின் கரகரத்துத் தாளைத் துப்பியது. முதலாவது கோடு தலைகீழ். காலடிக் கோடு சுத்தம். ஒவ்வொரு ஊசியின் நுனியிலும், அன்றைய படத்தில் இருந்த அதே சின்னப் பிளவு, ஒடிந்த பென்சில் முனை மாதிரி. இனி எந்த விசாரணையிலும் இது வேறு ஆளின் நெஞ்சு என்று யாரும் சொல்ல முடியாது.

மேசையிலிருந்த குணலட்சுமியின் போன் அலறத் தொடங்கியது. கனடா. அவள் வலது காதைப் பலகையில் அழுத்திக்கொண்டு, கேட்காத காதை மேலே வைத்துக் கிடந்தாள். போன் அலறி ஓய்ந்தது. திரும்ப அலறியது.

"அன்ரி" என்றான் லெனாட், தாளை வெளிச்சத்தில் பிடித்தபடி. "இது வேற மாதிரி இருக்கு. அண்டைக்கு மூண்டு பெட்டி. இண்டைக்கு அஞ்சு."

முந்நூறை ஐந்தால் பிரித்தால் அறுபது. பிள்ளை நித்திரையாகும் போது தாயின் நெஞ்சு அப்படி அடிக்கும். புருசன் செத்த கதையைச் சொல்லி முடித்த கையோடு படுத்தவளுக்கு அப்படி அடித்திருந்தது.

பியாட்றிஸ் குனிந்து, அவளுடைய வலது காது வெளியே வரும்படி மெல்ல முகத்தைத் திருப்பினாள்.

"அண்டைக்குப் படுத்திருக்கேக்கை உங்கடை நெஞ்சு நூறிலை ஓடியிருக்கு, அக்கா. அவருக்கு ஏதும் நடந்திடுமோ எண்ட பயமோ?"

குணலட்சுமி சிவப்புக் கிளிப்பைக் கழற்றி, வயரை அழகாகச் சுருட்டி, அவளுடைய கையில் கொடுத்தாள்.

"இல்லை" என்றாள். "பிழைச்சிடுவாரோ எண்ட பயம்."